சூடாக இருந்தால் மட்டும் கிளம்பாத வண்டி

காலையில் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்காவது நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து எடுத்தால் மட்டும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது இந்தத் தலைவலி பழக்கமானதுதான். என்னுடையது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த இரண்டு கதவு வண்டி; கே-ஜெட்ரானிக் என்ற மெக்கானிக்கல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கொண்டது. போர்ஷே 911 எஸ்சி, முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, ஃபெராரி 308 ஜிடிபிஐ, டிலோரியன் என்று அந்தக் காலத்தின் பல வண்டிகளில் இருந்தது இதே அமைப்பு. நான் செய்து பார்த்தவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இந்த மாதிரிக் கோளாறுக்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பம்ப்பை மாற்று, பிளக்கை மாற்று, பேட்டரியைப் பெரிதாகப் போடு, இன்ஜெக்டரைக் கழுவு. எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்திருக்கும், அதனால்தான் சொல்கிறார்கள். ஆனால் “சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை” என்பது ஒரே நோய் இல்லை. செல்ஃப் சுற்றவே இல்லை என்றால் அது மின்சாரப் பிரச்சினை. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலோ தீப்பொறியோ. என் வண்டியில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் கலந்திருந்ததால் கதை நீண்டது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: நிறுத்தி எவ்வளவு நேரம் கழித்து மக்கர் செய்கிறது? பெட்ரோல் போட நிறுத்தி இரண்டு நிமிடத்தில் எடுத்தால் சட்டென்று கிளம்பிவிடும். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தாலும் கிளம்பிவிடும். பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்து எடுத்தால்தான் அடம் பிடிக்கும். இந்த இடைவெளியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

காரணம் இதுதான். என்ஜினை அணைத்ததும் சூடு இறங்கத் தொடங்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது வேறு. ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும் முன்னால் இருந்து வரும் காற்றும் சூட்டை அள்ளிக்கொண்டு போகின்றன. அணைத்தவுடன் இரண்டும் நின்றுவிடும். எக்ஸாஸ்ட்டிலும் சிலிண்டர் ஹெட்டிலும் இருக்கும் சூடு, போக வழியில்லாமல் பானட்டுக்குள்ளேயே பரவும். பெட்ரோல் பைப்புகளும் இன்ஜெக்டர்களும் வண்டி ஓடியபோது இருந்ததைவிட, நிறுத்திய முதல் அரை மணி நேரத்தில்தான் அதிகம் சூடாகின்றன. பெட்ரோலோ ஒரே பொருள் இல்லை, பல திரவங்களின் கலவை. அதில் லேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இன்ஜெக்டருக்குப் போவது வெறும் குமிழிதான். செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும், அந்த ஆவி வெளியேறி உண்மையான பெட்ரோல் வந்து சேரும் வரை என்ஜின் பிடிக்காது.

இதைத் தடுக்க வடிவமைத்தவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்துத் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவது போலவே, என்ஜினை அணைத்த பிறகும் பெட்ரோல் பைப்பில் அழுத்தம் தங்கியிருக்கும்படி செய்தார்கள். ஓடும்போது பம்ப் தரும் அழுத்தம் சுமார் 5 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்). இன்ஜெக்டர் திறப்பது 3 பாருக்குக் கொஞ்சம் மேலே. அணைத்ததும் அழுத்தம் உடனே இன்ஜெக்டர் திறக்கும் அளவுக்குக் கீழே இறங்கி, ஆனால் பூஜ்யத்துக்குப் போகாமல் நடுவில் எங்காவது நிற்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து எவ்வளவு, இருபது நிமிடம் கழித்து எவ்வளவு என்று அந்தந்த வண்டியின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். பொதுவாக ஒன்றரையிலிருந்து இரண்டரை பாருக்குள் வரும். இந்தத் தங்கும் அழுத்தம் கசிந்து போவதுதான் கே-ஜெட்ரானிக் வண்டிகளின் சூட்டு ஸ்டார்ட் கோளாறுக்கு முதல் சந்தேக நபர்.

அழுத்தம் அளக்கும் கேஜ் இல்லாமலே இதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. இந்த அமைப்பில் சாவியை ஆன் செய்தால் மட்டும் பம்ப் ஓடாது, என்ஜின் சுற்றினால்தான் ஓடும். விபத்தில் என்ஜின் நின்றுவிட்டால் பம்ப்பும் நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி. வண்டி சூட்டில் அடம் பிடிக்கும் நேரத்தில் பம்ப்பை ஆன் செய்யும் மின்சார சுவிட்ச்சான ரிலேயைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண்ணிட்ட இரண்டு முனைகளையும் ஃப்யூஸ் வைத்த ஒயரால் இணைத்தேன். பின்பக்கம் பம்ப்பின் முனகல் கேட்டது. முதலில் கரகரவென்று, பிறகு மெல்ல மெல்ல சீரான சத்தமாக மாறியது. அந்தக் கரகரப்புதான் ஆவியும் பெட்ரோலும் கலந்து ஓடும் சத்தம். பதினைந்து விநாடி விட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொண்டது. தீப்பொறி, அதை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான இக்னிஷன் மாட்யூல், பிளக் எல்லாம் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து போய்விட்டன.

இதைச் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பம்ப் ஓடும்போது ஏர் ஃபில்டருக்குக் கீழே இருக்கும் காற்றளக்கும் தட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். எல்லா இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் பெட்ரோலைப் பீய்ச்சி என்ஜினை நனைத்துவிடும். அப்புறம், இந்த ஒயரை நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். சிலர் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச்சே வைத்துவிடுகிறார்கள். விபத்தில் குழாய் உடைந்தாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வேண்டவே வேண்டாம்.

அழுத்தம் போகிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே போகிறது என்பதுதான் அடுத்த வேலை. இதற்குக் கேஜ் இல்லாமல் முடியாது. பெட்ரோல் விநியோகிக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் உச்சியிலிருந்து, என்ஜின் சூடாகும் வரை பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க உதவும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் குழாயின் நடுவே கேஜை இணைக்க வேண்டும். ரெகுலேட்டர் பக்கம் ஒரு வால்வு இருக்கும். வால்வு திறந்திருந்தால் கேஜ் காட்டுவது ரெகுலேட்டர் நிர்ணயிக்கும் கன்ட்ரோல் அழுத்தம், மூடினால் பம்ப் தரும் முழு அழுத்தம். இந்தச் செட்டைச் சொந்தமாக வாங்கிவிடுவதே நல்லது. வண்டி இருக்கும் வரை பயன்படும். குழாயைத் திறக்கும் முன் என்ஜின் ஆற வேண்டும். இணைப்பைச் சுற்றித் துணியைப் போர்த்தி, மெதுவாகத் தளர்த்தி, அழுத்தத்தை விட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட்டில் தெறிக்கும் பெட்ரோல் பற்றிக்கொள்ள நெருப்புக்குச்சி தேவையில்லை.

கேஜை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு அணைத்தேன். முள் இறங்கியது. இரண்டரையில் ஒரு கணம் தயங்கும் என்று எதிர்பார்த்தேன், தயங்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றைத் தாண்டி, அரையைத் தாண்டி, அடியில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு வேகமாக விழுந்தால் ஊசித் துளையளவு கசிவு இல்லை, வழியே திறந்து கிடக்கிறது என்று பொருள்.

அப்படித் திறந்து கிடக்கக்கூடிய வழிகள் நாலைந்துதான். பம்ப்பின் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு, அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்), டிஸ்ட்ரிப்யூட்டரில் இருக்கும் அழுத்த ரெகுலேட்டரின் ஓ-ரிங், வார்ம்-அப் ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் அல்லது குளிரில் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் கோல்டு ஸ்டார்ட் வால்வு. ஒவ்வொன்றாக வழியை அடைத்துப் பார்த்தால் குற்றவாளி மாட்டும். கேஜின் வால்வை மூடினால் வார்ம்-அப் ரெகுலேட்டர் தனியாகிவிடும். அப்போது முள் நின்றால் கசிவது அது. டேங்குக்குத் திரும்பும் ரப்பர் ஹோஸை அணைத்த கையோடு இறுக்கிப் பிடித்தால் அழுத்த ரெகுலேட்டரின் கணக்குத் தெரிந்துவிடும். பம்ப்பிலிருந்து வரும் பாதையில் ரப்பர் பகுதி இருந்தால் அதையும் இதேபோல் அடைக்கலாம். கடினமான நைலான் குழாயை மட்டும் கவ்வாதீர்கள், கீறல் விட்டுவிடும். நாற்பது வருடப் பழைய நைலானுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

என் வண்டியில் முன்பக்க வழிகளை அடைத்தபோது எந்த மாற்றமும் இல்லை. பம்ப் பக்கத்தை அடைத்ததும் முள் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஸ்ட்ராவின் மேல்நுனியை விரலால் மூடினால் உள்ளே தண்ணீர் நிற்குமே, அந்த விரல்தான் ஒருவழி வால்வு. விரல் எடுபட்டால் எல்லாம் டேங்குக்கே திரும்பிவிடும். முன்பு ஒரு பணிமனையில் “பம்ப்பையே மாற்றிவிடுங்கள்” என்று சொல்லியிருந்தார்கள். அது முழுக்கத் தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். புது பம்ப்போடு புது வால்வும் வரும், கோளாறும் போயிருக்கும். ஆனால் பல பம்ப்புகளில் அந்த வால்வு தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய சிறிய உருப்படி. என் பம்ப் அழுத்தமும் அளவும் சரியாகவே தந்துகொண்டிருந்தது. நல்ல பம்ப்பை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

வால்வை மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வால்வைத் திருகும் ஸ்பேனருக்கு எதிராக இன்னொரு ஸ்பேனரால் பம்ப்பின் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பம்ப் முழுவதும் சுழன்று ஒயர்களை இழுத்துவிடும். இரு பக்கமும் இருக்கும் செம்பு வாஷர்களைக் கண்டிப்பாகப் புதிதாகப் போடுங்கள். பழையது ஏற்கெனவே நசுங்கியிருக்கும், மறுபடி அடைக்காது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொண்டால் கை நனைவது குறையும்.

புது வால்வோடு மறுபடி கேஜ். இந்த முறை முள் 2.3-ல் நின்றது. சரி, முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைத்திருக்கலாம். இருபது நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் ஒன்றுக்குச் சற்று மேலே இருந்தது. வேகமான கசிவு போய், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த மெதுவான கசிவு இப்போது வெளியே வந்திருக்கிறது. பழைய வண்டிகளில் இது சகஜம். ஒரே வயதுள்ள ரப்பர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் ஓய்வு பெறும்.

அடுத்த சந்தேகம் அக்யுமுலேட்டர். பார்க்கக் கனமான இரும்பு டப்பா. உள்ளே டயஃப்ரம், அதன் முதுகில் ஸ்பிரிங். ஓடும்போது பெட்ரோல் டயஃப்ரத்தைத் தள்ளி ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும். அணைத்த பிறகு ஸ்பிரிங் திரும்பத் தள்ளி அழுத்தத்தைக் காக்கும். ஸ்பிரிங் இருக்கும் அறையில் பெட்ரோலுக்கு வேலையே இல்லை. அந்த அறையின் மூக்கிலிருந்து டேங்குப் பக்கம் போகும் சிறிய ஹோஸைக் கழற்றி, ஹோஸின் முனையை அடைத்துவிட்டு, பம்ப்பை ஓடவிட்டுப் பார்த்தேன். ஹோஸை அடைப்பது முக்கியம், இல்லாவிட்டால் டேங்கிலிருந்து திரும்பி வரும் சொட்டைப் பார்த்து அக்யுமுலேட்டர்மேல் பழி போடுவோம். மூக்கின் நுனியில் ஒரு துளி திரண்டது, விழுந்தது, அடுத்தது திரண்டது. டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பழுது பார்க்கும் பொருள் இல்லை அது, மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகு இருபது நிமிடத்தில் 2.2, ஒரு மணி நேரத்திலும் 1.9-க்குக் கீழே போகவில்லை.

கோல்டு ஸ்டார்ட் வால்வையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. இது கசிந்தால் கோளாறின் முகமே மாறும்: பைப்பில் அழுத்தம் போகும், கூடவே இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்கும். கிளம்பும்போது பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும் வந்தால், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றினால்தான் பிடிக்கிறது என்றால், பெட்ரோல் பற்றாக்குறை இல்லை, மிகுதி. அப்போது பார்க்க வேண்டியது இதையும் இன்ஜெக்டர்களையும்தான். ஆவிப் பிரச்சினை என்றால் வாடை இருக்காது. இரண்டு மூன்று சிலிண்டரில் தடுமாறிக் கிளம்பி, சில விநாடிகளில் சீராகும். என்னுடையது இரண்டாவது வகை. வால்வைக் கழற்றி நுனியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன், காய்ந்தே இருந்தது.

இந்தக் கோல்டு ஸ்டார்ட் வால்வுக்குத் தனி பட்டன் வைத்து, சூட்டில் கிளம்பாதபோது அமுக்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும், வண்டி கிளம்பும், உண்மைதான். என் கணக்கில் அது வலி மாத்திரை. கிழிந்த டயஃப்ரம் கிழிந்தபடியே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு வண்டி சூட்டிலும் பிடிக்கத் தொடங்கியது. ஆனால் செல்ஃப் சுற்றுவது மட்டும் காலையில் இருக்கும் சுறுசுறுப்போடு இல்லை. சில நேரம் ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும், மறுபடி திருப்பினால் சுற்றும். முன்பு பெட்ரோல் கோளாறின் கூச்சலில் இது காதில் விழவில்லை.

செல்ஃப் மோட்டார் இருப்பது எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். எண்பது டிகிரி கூடினால் தடை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். செல்ஃபின் பல்சக்கரத்தைத் தள்ளி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காந்த சுவிட்ச்சான சாலினாய்டின் சுருளில் பாயும் மின்சாரம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும், இழுக்கும் வலு போய்விடும். புது வண்டியில் இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் வடிவமைத்திருப்பார்கள். பழைய வண்டியில் துருப்பிடித்த எர்த்தும் தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச்சும் அந்த இடத்தை ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். சூடு கடைசி அடியைக் கொடுக்கிறது.

இதற்கு வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டரும், சாவி திருப்ப ஓர் ஆளும். கோளாறு வரும் நேரத்தில், அதாவது என்ஜின் சூடாக இருக்கும்போது, செல்ஃப் சுற்றும்போதே அளக்க வேண்டும். ஆறிய வண்டியில் அளந்தால் எல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கும். முதலில் பேட்டரி முனைகளில்: 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைப் பாருங்கள். அடுத்து பேட்டரியின் மைனஸ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே: 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. பிறகு பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே: அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. என் வண்டியில் எர்த் பக்கம் 0.8 காட்டியது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் கம்பி வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வளைத்துப் பார்த்தபோது உள்ளே பச்சைப் பொடி உதிர்ந்தது. புதிதாகப் போட்டு, இரு முனையிலும் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கினேன். வேகமாகச் சுற்றத் தொடங்கியது.

மிச்சம் இருந்த ‘டக்’ சத்தத்துக்கு ரிலே. சாலினாய்டு இழுக்கும்போது சில பத்து ஆம்பியர் குடிக்கும்; அத்தனையும் இக்னிஷன் சுவிட்ச் வழியாக, டாஷ்போர்டு வரை போய்த் திரும்பும் மெல்லிய ஒயரில் வர வேண்டும். சாலினாய்டுக்குப் பக்கத்தில், ஆனால் சூட்டிலிருந்து தள்ளி, ஒரு 40 ஆம்பியர் ரிலே வைத்து, தடித்த பிளஸ் ஒயரை ஃப்யூஸ் வழியாக நேராகக் கொடுத்துவிட்டால், பழைய ஒயருக்கு ரிலேயைத் தட்டிவிடும் வேலை மட்டும்தான். இக்னிஷன் சுவிட்ச்சுக்கும் ஆயுள் கூடும். செல்ஃப் மோட்டாருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் கம்பெனி வைத்திருந்த தகரத் தடுப்பு உங்கள் வண்டியில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ ஒரு முறை கழற்றியபோது திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். எக்ஸாஸ்ட்டைத் துணி நாடாவால் சுற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை அரித்துவிடும். தகரமே போதும்.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு இதில் செல்ஃப் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும். பெட்ரோல் பக்கம் வேறு. அங்கே தங்கும் அழுத்தம் என்ற பேச்சே இல்லை. ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் சூட்டில் கொதித்து ஜெட் வழியாகப் பொங்கி மேனிஃபோல்டில் வழியும். அதனால் சூட்டில் எடுக்கும்போது ஆக்ஸிலரேட்டரைப் பம்ப் செய்யாமல், முழுக்க மிதித்துப் பிடித்தபடி சுற்றுவதுதான் முறை. நிரந்தரத் தீர்வு கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூடு கடத்தாத தடித்த ஸ்பேசர், கீழே ஒரு தடுப்புத் தகடு, முடிந்தால் டேங்குக்குத் திரும்பும் ஒரு குழாய்.

நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் சூட்டில் பிடிக்கவில்லை, போதாததற்கு ஓடும்போதும் திடீரென்று அணைகிறது என்றால் இக்னிஷன் மாட்யூல், கிராங்க் சென்சார் பக்கம் போங்கள். ஸ்பார்க் டெஸ்டரில் தீப்பொறி இல்லாத அந்த நேரத்திலேயே மாட்யூலை ஈரத்துணியால் குளிரவைத்து, உயிர் வருகிறதா என்று பார்க்கலாம். மாட்யூலுக்கு அடியில் இருக்க வேண்டிய வெப்பம் கடத்தும் பசை காய்ந்துபோயிருப்பதும் அடிக்கடி காணும் காரணம்.

பெட்ரோலையும் மறந்துவிடக் கூடாது. 10 சதவீதம் எத்தனால் கலந்தால் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும். குளிர்காலத்துக்கென்று கலந்து விற்கும் பெட்ரோலும் அப்படித்தான். குளிர் முடிந்து முதல் வெயில் நாளில், டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால், சரியாக இருக்கும் வண்டியும் ஒரு விநாடி கூடுதலாகச் சுற்றும். அதைப் பார்த்து மறுபடி கேஜைத் தூக்க வேண்டாம். எத்தனாலைத் தாங்காத பழைய ஹோஸ்களைத்தான் மாற்ற வேண்டும். அழுத்தம் அதிகமுள்ள இன்ஜெக்‌ஷன் பாதைக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள், கார்புரேட்டருக்கான சாதாரண ஹோஸைப் போடாதீர்கள். கிளாம்ப்பும் ஹோஸைக் கிழிக்காத, விளிம்பு வழவழப்பான வகையாக இருக்கட்டும். மாட்டிய பிறகு பம்ப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் பானட்டை மூட வேண்டும்.